‘தானே’ என்று எழுதினேன்

ஜூன் 9, 2025, திங்கள்

இன்று பவானி கடித்தது இடது முன்கையில். போன வாரக் கடி இன்னும் ஆறவில்லை, மஞ்சளாக இருந்தது. அதன் மேலேயே மறுபடியும். மேலே ஆறு பல், கீழே ஐந்து. ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

விடுவித்துக்கொள்ள ஒரு முறை உண்டு. கையைப் பின்னால் இழுக்கக் கூடாது, இழுத்தால் சதை பிய்யும். வாய்க்குள் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும், தாடை திறந்துவிடும். சிறப்புக் கல்விப் படிப்பில் அது ஒரு வரி. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அவளுக்குப் பதினொரு வயது. பேச்சு இல்லை. கடிக்க ஆள் கிடைக்காவிட்டால் வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் வலது நெற்றிப்பொட்டில் தன்னையே அடித்துக்கொள்வாள். அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, “இன்னாம்மா, இந்த வெயில்ல முழுக்கை போட்டுகினு கீற? ஒடம்பு சரியில்லையா?” என்றாள்.

ஆமாம் என்றேன். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடமாக எனக்கு உடம்பு சரியில்லை.

ஜூன் 12, வியாழன்

எங்கள் சிறப்புப் பிள்ளைகள் மையத்தின் பொறுப்பாளர் மார்கரெட் மேடம் உடல் படத்தைப் பற்றி இன்று மறுபடி வகுப்பெடுத்தார். தாளில் ஒரு பிள்ளையின் உருவக் கோடு: முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. காலையில் பிள்ளை வந்ததும் ஆயா செங்கம்மாள் அக்கா திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உடம்பு முழுக்கப் பார்ப்பாள்; கிளம்பும் முன் மறுபடி. காயம் எங்கேயோ அங்கே சிவப்புப் பேனாவால் குறி. பக்கத்தில், காயம் எப்படி வந்தது என்று மூன்று கட்டம்: வீடு, மையம், தானே. அக்கா சொல்வாள், நான் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பேன். நகல் பிள்ளையின் பையில் வீட்டுக்குப் போகும்.

முன்பு ஒரு தகப்பன் கீறலைக் காட்டி போலீஸை அழைத்து வந்தானாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. “இது நம்ம பாதுகாப்புக்கு” என்றார் மேடம். அந்த ‘நம்ம’வில் பவானி இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்குத் தோன்றுவதெல்லாம் இந்த நோட்டுக்குத்தான் வருகிறது.

பவானியின் தாளில் எப்போதும் ‘தானே’தான்.

ஜூன் 24, செவ்வாய்

ஊஞ்சல் பத்து நிமிடம். பிறகு ரப்பர் பாயில் சுருட்டி மேலே பந்தை உருட்டி அழுத்தினேன். அழுத்தம் அவளுக்குப் பிடிக்கும். பாய்க்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு அட்டை. அவள் இடுப்புப் பட்டையில் ஒரே ஒரு அட்டை ஒட்டியிருக்கும்: சிவப்பாக விரித்த கை. போதும் என்று அர்த்தம். அதைப் பிய்த்து அவள் என்னிடம் கொடுத்தால், என்ன வேலையாக இருந்தாலும் நான் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கடிப்பதற்குப் பதிலாக ஒரு சொல். மூன்று மாதமாகப் பழக்குகிறேன். இன்றும் நான்தான் அவள் விரலைப் பிடித்துப் பிய்க்க வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

அடித்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மாற்றிக்கொள்வேன் என்று தெரிகிறது. இப்போதே மனம் அதை வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறது.

கம்பத்தில் வளையம் கோர்க்கும் பயிற்சி. எட்டு வளையம். ஆறு போட்டுவிட்டாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அப்போது இடுப்பிலிருந்து அட்டையைப் பிய்த்தாள். தானாக. நான் தொடவே இல்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நான் என்ன சொன்னேன்? “இன்னும் ரெண்டே ரெண்டு, பவானி. முடிச்சிட்டுப் போலாம்.” அட்டையை வாங்கி அவள் இடுப்பிலேயே திரும்ப ஒட்டினேன்.

மாத அறிக்கையில் எட்டுக்கு எட்டு என்று எழுத ஆசை. அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

மறுபடி பிய்த்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவை! மூன்று மாதம் நான் காத்திருந்த ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னாள். நான் ஏழாவது வளையத்தை அவள் கையில் திணித்தேன்.

என் கழுத்தெலும்புக்குக் கீழே முகத்தைப் புதைத்துக் கடித்தாள். தள்ளும் முறை, படித்தது, தேர்வு, எல்லாம் போயிற்று. இடது கன்னத்தில் அறைந்தேன். விடவில்லை. மறுபடி. மூன்றாவது அடியில் வாய் திறந்தது.

நான்காவது எதற்கு? வாய் திறந்த பிறகு அடித்தேன்.

அந்த நான்காவது அடி எனக்கு நன்றாக இருந்தது. கை எரிந்தது, நன்றாக இருந்தது. இந்த வரியை எழுதத்தான் ஒரு நாள் ஆயிற்று.

அவள் அழவில்லை. என் கையையே பார்த்தாள். பிறகு தன் பொட்டில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஜூலை 5, சனி

நேற்று முடிக்கவில்லை. அடித்த அன்று சாயங்காலம்.

செங்கம்மாள் அக்கா திரைக்குப் பின்னால் பவானியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். “இவ சோத்தாங்கையால சோத்தாங்கைப் பக்கந்தான் அட்ச்சிக்குவா. இது அந்தாண்ட கன்னமாச்சே. வெரல் தடம் வேற காதுப் பக்கம் போயிகீது” என்று முணுமுணுத்தாள். பிறகு என் கழுத்துப் பக்கம் சுடிதாரில் ரத்தத்தைப் பார்த்தாள்.

“தானேன்னு போடும்மா.”

“அக்கா...”

“இன்னா முழிக்கிற? நான் எத்தினி போடச் சொல்லிகீறேன்னு நெனச்ச? பல்லு வெளக்கசொல்ல கட்ச்சா சும்மா வுட்ருவாங்களா? கிள்ளுனா ஒரு தபா அடங்குது.” பவானிக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள். சடையை இறுக்காமல், மெதுவாக, பூப்போல.

அவள் சொல்லச் சொல்ல மூன்று வருடம் டிக் போட்டது நான்.

போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அடித்ததைவிட அதில் நேரம் அதிகம் இருந்தது. யோசிக்க நேரம் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

மாதாந்தரக் கூட்டம். மார்கரெட் மேடம் ‘தானே’க்களை எண்ணி வரைபடம் போட்டிருந்தார். ஏப்ரலில் ஒன்பது, மேயில் பதினான்கு, ஜூனில் இருபத்திரண்டு. “இப்ப ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிறா பிரிசில்லா. இப்படி அடிச்சே கண்பார்வை போன பிள்ளைய நான் பார்த்திருக்கேன்.” என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் பயம் பொய்யில்லை. அவர் கையில் கொடுத்த எண்கள்தான் பொய்.

முடிவு: கெய்ட்டர். கேன்வாஸ் துணிக்குள் அலுமினியப் பட்டை வைத்துத் தைத்த நீளக் கைக்கூடு. தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை. போட்டால் முழங்கை மடங்காது; கை தலைக்கு எட்டாது.

பவானியின் அம்மா ஆதியம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். நெம்மேலிக்குத் தெற்கே மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மேடம் சொன்னதை எல்லாம் கேட்டாள். கடைசியில் மேடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“டீச்சரு, நீ சொல்லு. நீதான் கூடவே கீற. புள்ள கைய கட்டித்தான் ஆவணுமா?”

“ஆமாம்மா. அவசியம்தான்.”

இதை எழுதும்போது என் குரல் எனக்கே கேட்கிறது. தெளிவான, படித்த குரல்.

ஜூலை 14, திங்கள்

போட்டார்கள். இரண்டு பேர் பிடிக்க, மேடம் வெல்க்ரோவை இறுக்கினார். உதைத்தாள், தலையைத் தரையில் மோதினாள். பதினைந்து நிமிடம். பிறகு சுவரோரம் இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள், எதையோ வாங்கக் காத்திருப்பவள் மாதிரி.

யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றியது. முழங்கை மடங்காவிட்டால் விரல் இடுப்புக்கு வராது. இனி அவளால் போதும் என்று சொல்ல முடியாது.

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பாடு. அப்பா கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார். நடுவில், யாரோ பிள்ளையை அடித்ததைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன்: அடிக்கிறவங்களுக்கு அப்புறம் என்னப்பா இருக்கும்?

“என்ன இருக்கும்? உன்ன நான் பெல்ட்டால அடிக்கலியா? நீ என்ன கெட்டா போயிட்ட? நாலு புத்தகம் படிச்சு நல்ல வேலையில கீற.”

இன்னொரு மீன் துண்டை என் தட்டில் வைத்தார். அன்பாகத்தான். நான் படித்த நாவல்களில் தவறு செய்தவர்கள் எல்லாம் ஜுரத்தில் விழுகிறார்கள், பிதற்றுகிறார்கள். எனக்குப் பசி நன்றாக எடுக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரைபடத்தில் கோடு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மேடம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். செங்கம்மாள் அக்கா பவானிக்கு ஊட்டினாள்.

ஆதியம்மாள் மகிழ்ச்சியாக இருந்தாள். “ராத்திரியும் போட்டு வுட்டுடறேன் டீச்சரு. சத்தமே இல்ல.” ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். நடுநடுவில் கழற்றிக் கையை மடக்கிவிட வேண்டும் என்றேன்.

“கழட்டினா அட்ச்சிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?”

என்னிடம் பதில் இருந்தது. பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்றும் தெரிந்தது. கேக்கைச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

ஊஞ்சல் அறைக்கு முன்னால் மூன்று படி. பவானி இறங்கும்போது கால் தடுக்கியது. கைகள் முன்னால் வந்தன, ஆனால் மடங்காத கை தாங்கவில்லை; சிமெண்டில் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய்விட்டது. முகம் நேராகப் படியின் விளிம்பில்.

அந்தச் சத்தம்.

மேல்பல் ஒன்று பாதியாக உடைந்து தரையில் கிடந்தது. உதடு மூக்குவரை பிளந்திருந்தது. என் துப்பட்டா முழுக்க நனைந்தது. வாயைத் துடைக்க அவள் கையைத் தூக்கினாள். அது அவள் முகத்துக்கு முன்னால் நீட்டியபடியே நின்றது. மறுபடி தூக்கினாள். மறுபடி. அப்போதும் யாரும் கெய்ட்டரைக் கழற்றவில்லை. நானும்தான்.

தையல் போட்டுத் திரும்பியதும் மேடம் தாளை நீட்டினார். “ஓடிப் போய் விழுந்தா. தானேன்னு போடு.”

சிவப்புப் பேனா கையில் இருந்தது. போடவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் மையத்துக்குப் போகவில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய குடைக்கு அடியில் ஆதியம்மாள் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வாங்க நின்றார்கள்.

“வா டீச்சரு. வாயி வீங்கிக்கீது, கஞ்சிதான் குட்ச்சிச்சி. உக்காரு” என்று சாக்கை விரித்தாள்.

உட்காரவில்லை. பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. “ஜூலை மூணாந்தேதி கன்னத்துல இருந்தது அவ அடிச்சுக்கிட்டது இல்லம்மா. நான் அடிச்சேன். நாலு அடி. தானேன்னு எழுதினேன். மத்ததுலயும் நிறைய அவ செஞ்சது இல்ல. அத வெச்சுத்தான் கைய கட்டினாங்க. தெரிஞ்சேதான் அவசியம்னு உங்ககிட்ட சொன்னேன்.”

கத்தி நிற்கவில்லை. அந்த மீனை முடித்தாள். அடுத்ததை எடுத்தாள், பாதியில் வைத்தாள். எழுந்தாள். ஈரக் கையால் என் முடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முழங்கால் சரளையில் கிழிந்தது. அறைந்தாள். எத்தனை என்று தெரியவில்லை. காதுக்குள் விசில் அடித்தது. செதில்கள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன.

மீன் வாங்க வந்தவர், “ஏய் ஆதி, வுடும்மே! பொம்பளப் புள்ள!” என்று கையைப் பிடித்தார்.

“வுடறதா? இவ இன்னா பண்ணான்னு தெரியுமா உனுக்கு?” என் முகத்தை நிமிர்த்தினாள். “பையில காயிதம் வருமே. அத பாத்துட்டு நான் இன்னா பண்ணேன் தெரியுமாடி? ஏண்டி உன்ன நீயே அட்ச்சிகினு சாவறன்னு சொல்லி நானும் புள்ளைய அட்ச்சேன். மட்டையால அட்ச்சேன். நீ அனுப்ச்ச ஒவ்வொரு காயிதத்துக்கும் அட்ச்சேன். புள்ள கைய கட்டிட்டு ரெண்டு மாசம் நீ வாய கட்டிகினு இருந்துகீற!”

பிறகு என்னை விட்டுவிட்டாள். குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தன் பொட்டில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பவானி அடித்துக்கொள்கிற அதே இடம், அதே கை.

சாவு விழுந்தால், படகு திரும்பாவிட்டால், இந்தக் கரையில் பெண்கள் இப்படித்தான் அடித்துக்கொள்கிறார்கள். அதை யாரும் படம் வரைந்து எண்ணுவதில்லை.

அடி வாங்கினால் லேசாகும் என்று நினைத்துத்தான் போனேனோ? தடுக்காமல் நின்றதில் அந்த ஆசையும் இருந்தது. லேசாகவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஆதியம்மாள் மகளை நிறுத்திவிட்டாள். அவள் வந்து கத்திவிட்டுப் போனதில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நடந்ததை எல்லாம், செங்கம்மாள் அக்கா சொன்னதையும் சேர்த்து, மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டைத் திருத்தச் சொன்னேன். “ஒண்ணத் திருத்தினா எல்லாத்தையும் கேப்பாங்க. மீதி நாப்பது பிள்ளைங்க எங்க போகும்? உன் மனசு ஆற இந்த இடம் மூடணுமா?” என்றார். கேள்வி நியாயமானது. அதனால்தான் எல்லாம் இத்தனை நாள் நடந்தது.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்; செங்கம்மாள் அக்காவையும். அக்கா கேட்டருகே நின்றாள். “நீ படிச்சவ, வேற வேல கெடைக்கும். நான் இன்னா பண்ணட்டும்? நல்லா இரு தாயி.” சபித்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 25, வியாழன்

செங்கல்பட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். புகார் மனு.

“யார் மேலம்மா புகார்?”

“என் மேல, சார். மையத்து மேலயும்.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தன் மேலயே குடுக்கறதுக்கு ஃபாரம் இல்லியேம்மா.” வெள்ளைத் தாள் கொடுத்தார். உட்கார்ந்து எழுதினேன். நான்காவது அடியையும் எழுதினேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

அக்டோபர் 6, திங்கள்

அப்பா என்னோடு பேசுவதில்லை. அடித்ததற்காக இல்லை, சொன்னதற்காக.

அக்டோபர் 16, வியாழன்

சமையலறையில் இருந்தபோது போன். ஆதியம்மாள். பெயர் சொல்லவில்லை, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

“அன்னைக்கே அத கழட்டி கடல்ல வீசிட்டேன். கை மடங்க மாட்டேங்குது. பாதிக்கு வந்து நின்னுடுது. சோறு வாய்க்கு எட்டல.”

“ஆஸ்பத்திரிக்கு...”

“போய்கினுதான் கீறேன். வாரத்துல ரெண்டு நாளு பண்ணி வுடறாங்க. மீதி அஞ்சு நாளு உங்கப்பனா வந்து பண்ணுவான்? நீதான பாழ் பண்ண? நீ சொல்லு.”

சொன்னேன். வெந்நீரில் நனைத்த துணி பத்து நிமிடம். அவளுக்குப் பின்னால் உட்காருங்க. ஒரு கை முழங்கைக்கு மேல, ஒரு கை மணிக்கட்டுல. மெதுவா, அவ வாய்ப் பக்கம். வலிக்குதுன்னு காட்டினா அங்கேயே நிறுத்துங்க. இன்னும் ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு துண்டித்துவிட்டாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

மறுபடி அழைத்தாள். “நேத்து தீவாளி வெடிச் சத்தத்துல ஒரே பேஜாரு, கிட்டவே வுடல. ஒரு நாளு வுட்டா மறுபடியும் எறுகிக்குமா?” இறுகாது என்றேன். “நீ வூட்டுப் பக்கம் வந்த, கால ஒட்ச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டு வைத்தாள். வரட்டுமா என்று நான் கேட்கவே இல்லை.

நவம்பர் 8, சனி

மாலை ஐந்து மணி. ஆதியம்மாள்.

“இரு, கேளு” என்றாள்.

கடல் இரைச்சல். யாரோ வலையை இழுக்கிற குரல்கள். பிறகு அந்தச் சத்தம். எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்: கையின் அடிப்பாகம், பொட்டு எலும்பு.

“கேட்டுச்சா? எட்டிச்சி! முழுசா மடக்கிட்டா டீச்சரு!” சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்தது. டீச்சரு என்று வாயில் வந்துவிட்டதற்காகவோ என்னவோ, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

மறுபடி சத்தம். மறுபடி. வேகம் கூடியது.

“அய்யோ, நிறுத்த மாட்டேங்குறாளே. இப்ப இன்னா பண்றது? கைய புட்ச்சிக்கட்டா?”

“புடிக்காதீங்க. உங்க உள்ளங்கைய அவ கைக்கும் தலைக்கும் நடுவுல வைங்க. சும்மா வைங்க.”

“எம்மேல வுழுமே.”

“விழும்.”

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அடுத்த அடி விழுந்தது. சத்தம் வேறாக இருந்தது.